சனிக்கிழமைச் சட்ட வகுப்பு: ஆறு மாதம் போய் வந்தவன் எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சட்டப் பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், வருகிற சனிக்கிழமையும் அங்கே போய் உட்காரப் போகிறேன், இரண்டும் நடக்க வேண்டுமென்றால் பெயரை விழுங்குவதுதான் வழி. டெல்டாவுக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணம் பக்கம் பத்திர எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகக் கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எழுதிக் கொடுத்தே காலம் போகிறது. சட்டம் படித்தவனில்லை. பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரியும், ஏன் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் எழுதினார் என்பதுதான் என் பதில். 2025 ஏப்ரலில் அந்தப் பதில் போதாமல் போனது. தாய்ப்பத்திரத்தின், அதாவது சொத்து இதற்கு முன்னால் கைமாறிய பத்திரத்தின், அசலைக் காட்டாமல் பதியக் கூடாது என்ற தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக வாட்ஸப்பில் வந்தது, மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். "இனிமே அசல் வேண்டாமாமே அண்ணே?" என்று ஒருவர். "அப்ப என் தம்பி என்னைக் கேக்காமலே வித்துடுவானா?" என்று இன்னொருவர். இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் ஜெராக்ஸ் கடைச் சுவரில் நோட்டீஸைப் பார்த்தேன். நிலமும் நீரும் பற்றிய சட்டங்கள், பொதுமக்களுக்கான சான்றிதழ் வகுப்பு, ஆறு மாதம், சனிக்கிழமை காலை மட்டும், கட்டணம் 4,500 ரூபாய்.

சேர்வதே ஒரு பாடு. பொதுமக்களுக்கு என்று தமிழில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, விண்ணப்பத்தை முழுக்க ஆங்கிலத்தில் கூகுள் படிவமாக வைத்திருந்தார்கள். அதில் 'ஆர்க்கிட் எண்' என்று ஒரு கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. அது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் எண் என்று பிறகுதான் தெரிந்தது. என் அக்கா மகள் பக்கத்தில் இருந்ததால் ஏதோ பூஜ்யமாகப் போட்டு அனுப்பி வைத்தாள். என்னோடு சேர்ந்த மன்னார்குடிப் பெரியவர் நேரில் போய் ஆபீசில் உட்கார்ந்து, "நான் சொல்லச் சொல்ல நீங்களே நிரப்புங்க தம்பி" என்று காரியத்தை முடித்துக்கொண்டார். அவர் வழிதான் சரி.

முப்பத்தைந்து பேர் சேர்ந்தோம். விவசாயிகள் ஏழெட்டுப் பேர், ஓய்வு பெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலர், இரண்டு வங்கி ஊழியர்கள், காரைக்காலிலிருந்து ஒரு பையன், லால்குடியிலிருந்து ஒரு டீச்சர், மீதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். நடத்தியது பெரும்பாலும் ஒரே ஆசிரியை, திருநெல்வேலிக்காரர். தமிழில்தான் நடத்தினார், நல்ல தமிழ். 'அதாவது என்னன்னா' என்று ஆரம்பித்தாரென்றால் விஷயம் வரப்போகிறது என்று பேனாவை எடுத்துக்கொள்ளலாம்.

காவிரி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கொடுத்த பணத்துக்கு அன்றைக்கே ஈடாகிவிட்டது. காவிரிப் பிரச்சினை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990-இல் நடுவர் மன்றம், 1991-இல் 205 டி.எம்.சி. இடைக்கால உத்தரவு, 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பு, டெல்டாவில் டீக்கடையில் உட்காருகிற எவனுக்கும் இது மனப்பாடம். மேடம் பலகையில் இறுதித் தீர்ப்பின் பங்கை எழுதினார்: தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7, மொத்தம் 740. காரைக்கால் பையன் அந்த ஏழைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டான், அது அவன் ஊருக்கு வருவது. எழுதி முடித்துத் திரும்பினால் மன்னார்குடிப் பெரியவர் எழுந்து நிற்கிறார், தோளில் பச்சைத் துண்டு.

"கூட்டிப் பாத்தா 726 தானேம்மா வருது. மீதி 14 எங்க?"

வகுப்பே ஒரு நிமிடம் விரல் விட்டு எண்ணியது. உண்மைதான், 726. மேடம் கொஞ்சமும் தடுமாறாமல், "நல்லாக் கேட்டீங்க ஐயா" என்று பக்கத்திலேயே எழுதினார்: சுற்றுச்சூழலுக்கு 10, எப்படியும் கடலுக்குப் போய்விடுகிற தண்ணீர் என்று 4. வருடக்கணக்கில் 740, 419 என்று பேசிக்கொண்டே இருக்கிறோம், இந்தப் பதினான்கை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பெரியவர் உட்கார்ந்துவிட்டு என்னிடம், "நாலு டி.எம்.சி.யோட எங்க நிக்குது கடலுக்குப் போறது, கொள்ளிடத்தைப் பாத்துட்டு சொல்லச் சொல்லு" என்றார். மேட்டூர் நிரம்பி உபரி வருகிற வருடத்தில் அவர் சொல்வதும் நியாயம்தான்.

அப்புறம் 2018 பிப்ரவரி 16. உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆக்கியது, கர்நாடகத்துக்கு 284.75, எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் வர வேண்டிய 192 என்பது 177.25 ஆனது. குறைந்த 14.75-ஐ மேடம் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. மீதி 10, தமிழ்நாட்டில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் வைக்கலாம் என்ற காரணத்துக்கு. இதைச் சொன்னவுடன் வேதாரண்யம் பக்கத்து விவசாயி ஒருவர், "எங்க போர்ல வர்ற தண்ணியை ஒரு கிளாஸ் கொண்டாந்து தரேன், குடிச்சிப் பாருங்க" என்றார். மேடம் சிரிக்கவில்லை. நடுவர் மன்றம் ஏன் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுக்கவில்லை, உச்ச நீதிமன்றம் ஏன் எடுத்தது என்று அரை மணி நேரம் இரண்டு தரப்பு வாதத்தையும் வைத்தார். கடைசியில் அவருடைய கருத்து என்ன என்று கேட்டோம், சொன்னார், அந்த இடத்தில் தீர்ப்பு பலவீனமாக இருக்கிறது என்று. சொல்லிவிட்டு, அதே தீர்ப்புதான் நமக்குச் செயல்படுகிற காவிரி மேலாண்மை ஆணையத்தையும் வாங்கிக் கொடுத்தது, 2018 ஜூன் 1 அரசிதழில் வந்தது, அதையும் சேர்த்தே எடை போடுங்கள் என்றார். இந்த மாதிரி ஒருவர் நடத்தினால் ஆறு மாதம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவர் மன்றத்தை அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1990 மே 4-இல் உத்தரவு போட்டதே, அது டெல்டா விவசாயிகள் சங்கம் 1983-இல் போட்ட வழக்கில். மன்னார்குடி எஸ்.ரங்கநாதனின் சங்கம். பெரியவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், "எங்க ஊரு" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதிவுச் சட்டத்துக்கு இரண்டு வாரம். நான் வந்ததே இதற்காகத்தான். 55-ஏ பற்றிய தீர்ப்பு 2025 ஏப்ரல் 7-இல் வந்தது. அதைப் பத்தி பத்தியாகப் படித்து, தமிழில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எங்களைக் கேள்வி கேட்க விட்டார்கள். சாரம் இவ்வளவுதான்: எழுதிக் கொடுக்கிறவர் வந்திருக்கிறாரா, கையெழுத்து அவருடையதா, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சரியா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை, அந்தச் சொத்து அவருக்குச் சொந்தமா என்று தீர்ப்பது அவர் வேலை ஆகாது. தாய்ப்பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் போலீசில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று, பேப்பரில் விளம்பரம் என்று நான் எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் தம்பி கேட்காமல் விற்றுவிடுவானா என்று பயந்தவருக்கு இந்தத் தீர்ப்பில் ஆறுதல் ஒன்றும் இல்லை. இந்தத் தீர்ப்புப்படி, விற்றால் பத்திரம் பதிவாகும், உரிமை போகாது, சிவில் கோர்ட்டில் நின்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் வந்த 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றுவிட்டதால் அந்தக் கதவும் மூடியாகிவிட்டது. (இதற்குப் பிறகு சட்டமன்றம் உள்ளே புகுந்தது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை.)

இங்கே ஒரு குறை. வகுப்பில் உதவிக்கு வந்த நான்காம் வருட மாணவர்களில் ஒருவரும் ஒரு தாய்ப்பத்திரத்தைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை. அடிப்படை உரிமை வழக்குகளைத் தலைகீழாகச் சொல்கிறார்கள், வில்லங்கச் சான்றில் எந்தக் கட்டத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அடுத்த வாரம் நானே என் மேஜையிலிருந்து பழைய பத்திர நகல்கள் நாலைந்தை எடுத்துக்கொண்டு போனேன், பெயர்களை மறைத்துவிட்டுத்தான். கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால் என்று எல்லை சொல்கிற பாஷையை அந்தப் பிள்ளைகள் ரசித்துப் படித்தார்கள். ஒரு பையன் 'சர்வ சுதந்திர பாத்தியத்துடன்' என்பதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, அது போதும். 2020-இல் வந்த சட்டம் டெல்டா முழுக்கப் பாதுகாப்பு என்று பேச்சில் சொல்லிக்கொள்கிறோம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும்தான் அதில் இருந்தன, திருச்சி, கரூர், அரியலூர் இல்லை. லால்குடி டீச்சர், "அப்ப நாங்க எந்த ஆத்துத் தண்ணியில வெவசாயம் பண்றோம்?" என்று கேட்டார். பதில் சொல்லும்படியான கேள்வி அது இல்லை, மேடமும் சொல்லவில்லை.

குத்தகைக்குத்தான் மனசே ஆறவில்லை. டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு நிலச் சட்டம் நடத்துகிறவர்கள் குத்தகையை ஒரு வகுப்பின் கடைசி நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பூமி இது. 1955-இல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971-இல் குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கிற விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கிய சட்டம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த மண்ணில் பட்ட அடியும் சிறையும் இருக்கின்றன. 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இங்கேதான் இருக்கிறது, அந்த வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனையாகி உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகிப் போன கதையை ஒரு சட்டப் பள்ளி ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசலாம், பேச வேண்டும். கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகைக்கு உழுகிற ஆட்கள் எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் இருந்தார்கள். குத்தகை பாக்கி வழக்கு வருவாய் நீதிமன்றத்துக்குப் போகுமா சிவில் கோர்ட்டுக்குப் போகுமா என்று தெரியாமல் அலைகிறவர்கள். அவர்கள் கேட்க வந்ததே அதைத்தான். பின்னூட்டப் படிவத்தில் இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அடுத்த தடவை பார்ப்போம் என்றார்கள்.

சரி, சட்ட உதவி மையத்துக்கு வருகிறேன். நோட்டீஸில் இது கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, உண்மையில் முதல் வரியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, தரைத்தளத்தில் ஒரு அறை, மூன்று மேஜை, மேஜைக்கு இரண்டு மாணவர்கள், சுற்றி வந்து பார்க்க ஒரு வக்கீலும் மேடமும். காசு கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே சட்டக் கல்லூரிகளில் இப்படி மையம் வளர்க்க வேண்டும் என்று இருக்கிறதாம், பல இடத்தில் போர்டு மட்டும்தான் இருக்கும், இங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் செல் அரித்த காகிதங்கள். அப்பா 1996-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், இவருக்கு 1985-இலேயே கல்யாணம், பாட்டன் வழி நிலத்தை அண்ணன் தம்பி இரண்டு பேரும் 1998-இல் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பட்டாவும் மாற்றிக்கொண்டார்கள்.

"எவ்வளவு நிலம்மா?"

"ஒன்பது மா பாப்பா."

அந்தப் பெண் சென்னையில் வளர்ந்தவள் போலிருக்கிறது, நோட்டில் 'ஒன்பது மாமரம்' என்று எழுதினாள். பக்கத்துப் பையன் விழுப்புரத்துக்காரன், அவனுக்கும் தெரியவில்லை, "மரத்துக்கு மட்டும்தான் பிரச்சினையா, நிலத்துக்கு இல்லையா?" என்று கேட்டான். அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் எழுந்து போய் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான மகளுக்கு உதவாது, அதனால் அதை ஒதுக்கினாள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கணக்கு இல்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுப் பத்திரமாகவோ கோர்ட்டு டிக்ரியாகவோ பாகம் பிரித்திருந்தால்தான் அதைத் தொட முடியாது, வாய்மொழிப் பாகத்தைச் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவையும் அந்த அம்மாவிடம் அவள் சொன்ன விதம்: "கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டாங்கங்கறதால பங்கு போயிடாதும்மா. பட்டா அவங்க பேர்ல இருக்கறதாலயும் போயிடாது. ஆனா 1998-லேர்ந்து அவங்க தனித்தனியா வெச்சிருக்கறதுக்கு அரசாங்கப் பதிவு என்னென்ன இருக்குன்னு முதல்ல பாக்கணும்."

கடைசி வாக்கியம் முக்கியம். அரசுப் பதிவேடுகள் தெளிவாகக் காட்டினால் வாய்மொழிப் பாகத்தையும் கோர்ட் ஏற்கக் கூடும், அதனால் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. காசு வாங்குகிற நாங்களே பல சமயம் 'ஆகிடும், ஆகிடும்' என்று சொல்லி அனுப்புவோம். வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குத் தமிழில் ஒன்றரைப் பக்க மனு எழுதிக் கொடுத்தார்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று சொன்னார்கள், 15100 என்ற எண்ணை அந்த அம்மாவின் போனில் பேரன் பெயருக்குக் கீழே ஏற்றிக் கொடுத்தார்கள்.

கையேடு ஒன்றும் கொடுத்தார்கள், அதில்தான் பிழை. மேல்முறையீடு என்றால் மதுரைக் கிளை என்று பொதுவாக அச்சடித்திருந்தார்கள். 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்குத் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை போகும், திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்குத்தான் போக வேண்டும். வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால் பஸ்ஸே வேறு திசையில் பிடிக்க வேண்டும். மேடத்திடம் சொன்னேன், அங்கேயே பேனாவால் திருத்தினார், அடுத்த மாதம் புதிதாக அடித்துவிட்டார்கள். இதை ஒரு பாராட்டாகவே எழுதுகிறேன்.

இப்போது செய்தி மடல், காணொளி. மாதாமாதம் ஒரு மடல் வருகிறது, பளபளவென்று பத்துப் பக்கம். குத்துவிளக்கு, பொன்னாடை, கோப்பையோடு மாதிரி நீதிமன்றப் போட்டி அணி, மறுபடி பொன்னாடை. யார் எந்தக் கருத்தரங்கில் என்ன பேசினார் என்று ஒரு வரி கிடையாது, யார் தலைமை, யார் முன்னிலை என்று மட்டும் இருக்கும். நான் மூன்று மடல்களை வாங்கி வைத்தேன், பத்திரம் மடிக்கத் தடி அட்டையாக உதவுகிறது.

காணொளிகள் அப்படி இல்லை, விஷயம் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஆங்கிலம். ஆளுநர் கிடப்பில் போட்ட பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-இல் வந்த தீர்ப்பு, அப்புறம் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் கொடுத்த கருத்து, கோர்ட் கெடு வைக்க முடியாது என்று, இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார்கள். என் அக்கா மகள் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள், சுவாரசியமாக இருந்தது. ஒலிதான் கொடுமை, மின்விசிறிச் சத்தம் ஒரு பேச்சாளர் போலக் கூடவே வருகிறது. நம் மாநிலத்து வழக்கு, கேட்கிற கேள்வி நம்முடையது, பேசுகிறவர்களில் மூன்று பேர் இந்த ஜில்லாக்காரர்கள், அப்புறம் எதற்கு வாசலில் இருக்கிற பூக்காரருக்குப் புரியாத மொழியில் பேச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை வந்த கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-லேயே புத்தகம் போட்டவர். உச்ச நீதிமன்றமே இப்போது தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து இணையத்தில் இலவசமாக வைக்கிறது. வராந்தாவில் முத்துசாமி ஐயர் படம் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள், திருவாரூரில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு வேலை பார்த்த பையன், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பும் ஆங்கிலம்தான்.

ஒன்றே ஒன்று தமிழில் போட்டார்கள், அது அருமை. 2024 ஜூலை 1-இல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது பழைய பிரிவு, புதிய பிரிவு என்று இரண்டு பத்தியாக ஒரு தாள். 420 என்றால் ஊருக்கே தெரியும், இப்போது அது 318(4). 302 என்பது 103. 144 போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இனிமேல் 163 போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம், யார் சொல்லப் போகிறார்கள். 511 பிரிவு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 358-க்குச் சுருங்கியிருக்கிறது. அந்தத் தாளை லேமினேட் செய்து மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன், போலீஸ்காரர்களே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அக்கா மகளை அங்கே ஐந்து வருடப் படிப்பில் சேர்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். தனிப் பல்கலைக்கழகம், கட்டணம் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை, அதனால் நீளமாக யோசிக்கவில்லை. திருச்சி அரசு சட்டக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க் போதும், நாவலூர் குட்டப்பட்டு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். அவள் இரண்டுக்கும் தயாராகிறாள். எங்கே சேர்ந்தாலும் ஐந்து வருடப் படிப்பில் 20 வாரமாவது வெளியே பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி, அதில் நாலு வாரத்தையாவது என் மேஜையில் உட்கார்ந்து கழிக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முகத்தைச் சுளித்தாள்.

சான்றிதழ் வர இரண்டரை மாதம் ஆனது, வந்ததில் என் இனிஷியல் தப்பு. பத்திர எழுத்தனுக்கே இனிஷியல் தப்பாக வந்த சான்றிதழ் என்று பதிவு அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். திருத்தக் கொடுத்திருக்கிறேன். கேன்டீனில் தயிர்சாதம் நன்றாக இருக்கும், காபியைத் தொடாதீர்கள்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், வகுப்புக்கு நாலு, உதவி மையத்துக்கு நாலரை, காணொளிக்கு இரண்டு, செய்தி மடலுக்கு அட்டை என்ற வகையில் ஒன்று. வலங்கைமான் அம்மாவுக்கு வட்டக் குழுவிலிருந்து வக்கீல் போட்டுவிட்டார்கள், அண்ணன் தம்பிக்கு சமரசப் பேச்சுக்கு வரச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கிறது, தம்பி வந்தார், அண்ணன் இன்னும் வரவில்லை.

உதவி மையத்துக்குப் போகிறவர்கள் ஆதார், பட்டா, சிட்டா, வில்லங்கம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் வெளியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். வளாகத்துக்குள் இருக்கிற ஜெராக்ஸ் கடையைச் சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடுகிறார்கள், மையம் திறப்பது இரண்டு மணிக்கு.